ஹமொக்கை வசதியாகக் கட்டுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு துணியைக் கட்டிப் படுப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆசையாக வாங்கிக்கொண்டு வந்து, கட்டிப் படுத்து, ஒரு மணித்தியாலத்தில் நாரி பிடித்து எழும்பி, "இது எனக்குச் சரிவராது" என்று மடித்து அலுமாரிக்குள் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். துணியில் பிழை இல்லை, உடம்பிலும் பிழை இல்லை. கட்டின விதத்தில்தான் பிழை. காரைநகர் கசூரினாவிலும், மணற்காட்டுச் சவுக்கு மரங்களுக்குள்ளும், வீட்டு வளவு மாமரத்தடியிலும் பல வருடமாகக் கட்டிப் படுத்ததில் தெரிந்துகொண்டவற்றை, கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்லாமல், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்கிற ஹமொக் இரண்டு முனையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டிய நீளத் துணி. இரண்டு பக்கமும் தடி வைத்து விரித்திருக்கும் வகை வேறு. அது படத்துக்கு வடிவு, ஆனால் படுத்தால் உருட்டி விழுத்தும். மரத்தைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட்டைப் பட்டி என்று சொல்கிறேன்.

எவ்வளவு இறுக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும்?

இறுக்கவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எல்லாரும் செய்கிற முதல் வேலை, ஹமொக்கை மட்டமாக இழுத்து, கட்டில் போல நேராக்கப் பார்ப்பது. நேராக இருந்தால் முதுகும் நேராக இருக்கும் என்ற எண்ணம். நடப்பது எதிர்மாறு. இழுத்துக் கட்டின துணியின் இரண்டு ஓரமும் விறைத்து மேலெழும்பி உங்கள் தோளை இரண்டு பக்கமும் நெரிக்கும், கொஞ்சம் திரும்பினால் கவிழும், சரிந்து படுக்க இடமே இருக்காது. தளர்வாக, நல்ல குழியாகத் தொங்க விட்டால்தான் துணி அகலும், அகன்றால்தான் அதற்குள் தட்டையாகப் படுக்கலாம். எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு ஏணை கட்டும்போது யாரும் சேலையை விறைப்பாக இழுப்பதில்லையே, ஆழமாகத் தொங்க விட்டுத்தான் பிள்ளையை வளர்த்துகிறோம்.

பட்டி மரத்திலிருந்து ஹமொக் வரை இறங்குகிற சரிவு ஏறக்குறைய 30 பாகை இருக்க வேண்டும். இதில் வசதியும் இருக்கிறது, பாரக் கணக்கும் இருக்கிறது. 70 கிலோ ஆள் ஒருவர் படுத்தால் இரண்டு பட்டியும் ஆளுக்கு 35 கிலோ தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். 30 பாகையில் ஒவ்வொரு பட்டியிலும் முழு 70 கிலோ இழுவை வரும். 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் ஒவ்வொன்றிலும் 200 கிலோ. 5 பாகை என்றால் 400 கிலோ. கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள், எவ்வளவுதான் இறுக்கிக் கட்டினாலும் நனைந்த சாரம் ஒன்றைப் போட்டதும் நடு இறங்கும், இன்னும் இறுக்கினால் கயிறு அறும் அல்லது ஆணி பிடுங்கும், ஆனால் நேராகாது. ஹமொக்கும் அப்படித்தான்.

30 பாகையை மரத்தடியில் நின்று எப்படி அளப்பது?

கையைத் துவக்குப் போலப் பிடியுங்கள்: சுட்டுவிரல் நேராக ஹமொக்கின் பக்கம், பெருவிரல் மேலே. பெருவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனிக்கு ஒரு கோடு போட்டால் அது எவ்வளவு சரிகிறதோ, பட்டியும் அவ்வளவு சரிய வேண்டும். இது மட்டுமட்டான கணக்குத்தான், ஆனால் போதும். இன்னும் சரியாக வேண்டுமென்றால் அளவுநாடா எடுங்கள், மரத்திலிருந்து கிடையாக 7 அங்குலம் போகும்போது பட்டி 4 அங்குலம் இறங்கியிருந்தால் 30 பாகை. போனில் சரிவு காட்டும் செயலி இருந்தால் போனைப் பட்டியில் ஒட்டிப் பிடித்தாலும் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள், வெறும் ஹமொக்கில் அளந்தால் பிழைக்கும். யாராவது உள்ளே இருக்கும்போது அளக்க வேண்டும், ஏனென்றால் பாரம் ஏறியதும் பட்டி நீண்டு, முடிச்சு இறுகி, சரிவு மாறிவிடும்.

இரண்டு மரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? எந்த உயரத்தில் கட்டுவது?

11 அடி நீள ஹமொக் ஒன்றுக்கு 12 முதல் 15 அடி இடைவெளி நல்லது. என்னுடைய நடை சரியாக இரண்டரை அடி, ஆகவே ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்கு ஐந்து அல்லது ஆறு எட்டு வந்தால் அந்த இடத்தில் பையை இறக்கிவிடுவேன். உங்கள் எட்டை ஒருக்கா வீட்டில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு வருவோம். ஹமொக்கில் நீங்கள் இருக்கும்போது இருக்கை நிலத்திலிருந்து ஒரு சாதாரணக் கதிரை உயரத்தில், அதாவது ஒன்றரை அடியில், இருக்க வேண்டும். அப்போதுதான் ஏறி இறங்க லேசு, பட்டி நழுவினாலும் பெரிய அடி படாது. அதற்கு 12 அடி இடைவெளியில் பட்டியை ஏறக்குறைய 5 அடி 5 அங்குலத்தில் கட்ட வேண்டும். 13 அடியென்றால் 5 அடி 8 அங்குலம். 15 அடியென்றால் 6 அடி 3 அங்குலம். ஒவ்வொரு அடி இடைவெளி கூடும்போதும் கட்டும் உயரம் மூன்றரை அங்குலம் கூடும் என்று நினைவில் வைத்தால் மிச்சத்தை நீங்களே கணக்கிடலாம். 20 அடி தூரத்து மரங்களில் 7 அடி 9 அங்குலத்துக்குக் கிட்டப் போய்விடும், கைக்கு எட்டாது, கதிரை வைத்து ஏற வேண்டி வரும். அப்படியான இடத்தில் உயரம் எட்டவில்லை என்று பட்டியைத் தாழ்வாகக் கட்டிவிட்டு, நிலத்தில் முட்டாமல் இருக்க இறுக்கி இழுப்பார்கள். அங்கேதான் மேலே சொன்ன 400 கிலோ வருகிறது. வேறு மரம் தேடுங்கள்.

முகட்டுக் கயிறு என்று சொல்கிறார்களே, அது எதற்கு?

வீட்டுக்கு முகட்டு வளை எப்படியோ அப்படி ஹமொக்கின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு, உங்கள் தலைக்கு மேலால் போகும் கயிறு. அதன் நீளம் மாறாது. மரங்கள் கிட்டவோ தூரவோ இருக்கட்டும், பட்டியை நீங்கள் கொஞ்சம் கூட இழுத்துவிட்டாலும் சரி, இரண்டு முனைக்கும் இடையிலான தூரத்தை அது அப்படியே பிடித்து வைத்திருப்பதால் துணியின் குழி ஒவ்வொரு இரவும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஒரு நாள் நல்ல நித்திரை, அடுத்த நாள் நாரிப் பிடிப்பு என்று மாறி மாறி வருகிறவர்களுக்கு முதலில் நான் சொல்லும் மருந்து இதுதான்.

நீளம் ஹமொக்கின் நீளத்தில் 83 சதவீதம். 11 அடி ஹமொக்குக்கு 9 அடி 2 அங்குலம் வரும், 10 அடிக்கு 8 அடி 4 அங்குலம், 9 அடிக்கு 7 அடி 6 அங்குலம். இதில் தொடங்கி, படுத்துப் பார்த்து, ஓரங்கள் நெரித்தால் ஓர் அங்குலம் குறையுங்கள், குழி கூடிப்போனால் ஓர் அங்குலம் கூட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கே வித்தியாசம் தெரியும், ஆகவே ஒரேயடியாக அரை அடி வெட்டிவிடாதீர்கள். முதல் கொஞ்ச நாளைக்கு முடிச்சுப் போட்டு மாற்றக்கூடியதாக வைத்து, மனதுக்குப் பிடித்த அளவு கிடைத்த பிறகு நிரந்தரமாகக் கட்டுங்கள்.

கயிறு நீளாத கயிறாக இருக்க வேண்டும். நைலோன் கூடாது. 3 மில்லிமீற்றருக்குக் கிட்டவான டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு கிடைத்தால் நல்லது, அந்த மெல்லிய கயிறே 600 கிலோவுக்கு மேல் தாங்கும். சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, உள்ளே படுத்துக்கொண்டு கயிற்றை இரண்டு விரலால் பிடித்து முறுக்குங்கள். கொஞ்சம் முறுகினால் சரி. வீணைத் தந்தி போல விறைத்திருந்தால் பட்டி கூட இறுகியிருக்கிறது, மரத்தடிக்குப் போய் இளக்குங்கள்.

படுத்தால் வாழைப்பழம் போல வளைகிறேன், நாரி நோகிறது. என்ன செய்ய?

நேராகப் படுக்கிறீர்கள். சரிவாகப் படுங்கள்.

தலை ஒரு ஓரத்துக்கும் கால் எதிர் ஓரத்துக்கும் போக, நடுக்கோட்டிலிருந்து மூலைவாட்டில் உடம்பைத் திருப்ப வேண்டும். தென்னமெரிக்காவிலும் மெக்சிக்கோவின் யுகாட்டான் பகுதியிலும் கட்டிலே இல்லாமல் வாழ்நாள் முழுக்க ஹமொக்கில் நித்திரை கொள்கிற சனங்கள் படுப்பது இப்படித்தான். முதலில் துணியின் நடுவில் இருந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து, பிறகு காலை ஒரு பக்கத்துக்கும் தலையை மற்றப் பக்கத்துக்கும் ஓர் அடி, ஓர் அடி நகர்த்துங்கள். திடீரென்று துணி தட்டையாகும் ஓர் இடம் வரும், அது வரும்போது உடம்புக்குத் தெரியும், முதுகு முழுவதும் ஒரேநேரத்தில் துணியில் படியும்.

மணற்காட்டில் நான் முதல் முறை இராத்தங்கியபோது இது தெரியாது. கூட வந்த அண்ணா ஒருவர், வயதில் மூத்தவர், கடலுக்குப் போய் வருகிறவர், நான் புரள்வதைச் சாமம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்தார். பட்டியை இரண்டு பக்கமும் ஒரு சாண் இளக்கினார். "காலை அங்காலை போடு தம்பி" என்றார். அவ்வளவுதான். விடிய வெயில் முகத்தில் அடிக்கும் வரைக்கும் நான் எழும்பவில்லை.

சரிந்து படுக்கவே இடமில்லை என்றால் ஹமொக் நீளம் காணாது. 9 அடி ஹமொக் பின்னேரம் புத்தகம் வாசிக்கக் காணும், இரவு நித்திரைக்கு ஐந்தரை அடிக்கு மேலானவர்களுக்குக் காணாது. வாங்கும்போது அகலத்தைப் பெருமையாகச் சொல்லி விற்பார்கள், நீங்கள் நீளத்தைக் கேளுங்கள்.

இரவில் மெல்ல மெல்லக் கால் பக்கம் சறுக்கிப் போகிறேனே?

உடம்பின் பாரம் இடுப்புக்கு மேலேதான் கூட, அதனால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டினால் பாரமான பாதி நடுக்குழியை நோக்கி இறங்கி, கால் மேலே ஏறாமல் மறுமுனையை நோக்கித் தள்ளப்படும். கால் பக்கப் பட்டியைத் தலைப் பக்கத்தைவிட 6 முதல் 8 அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். நிலம் சரிவாக இருந்தால் நிலத்தைப் பார்த்து ஏமாறாமல் இரண்டு முனையையும் கண்மட்டத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரையில் மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு மரத்தடியில் நெஞ்சுயரம் என்று கட்டினது மற்ற மரத்தடியில் தோளுயரமாகிவிடும்.

கெண்டைக்காலுக்குக் கீழே துணி ஒரு வரம்பு போலத் தடித்து உறுத்துகிறது.

வயல் வரம்பு மாதிரித்தான் இருக்கும், நீங்கள் சொல்வது சரி. நடுக்கோட்டில் துணி இறுகுவதால் வருகிறது. இன்னும் கொஞ்சம் சரிவாகப் படுத்துப் பாருங்கள், பிறகு முகட்டுக் கயிற்றை ஓர் அங்குலம் குறைத்துப் பாருங்கள், பிறகு கால் பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். இந்த ஒழுங்கில், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

முழங்கால் பின்னுக்கு வளைந்து நோகிறது என்பதும் இதன் சகோதரம்தான். அதற்கு ஒரு சின்னத் தலையணையோ சுருட்டின சாரமோ முழங்காலுக்குக் கீழே வைத்தால் உடனே சுகம். தலைக்குப் பெரிய தலையணை வேண்டாம், ஹமொக்கே தலையை உயர்த்தி வைத்திருக்கும், அதற்கு மேல் தலையணை வைத்தால் கழுத்துப் பிடிக்கும்.

மரத்தில் கட்ட என்ன கயிறு நல்லது? வீட்டிலிருக்கும் நைலோன் கயிறு போதாதா?

போதாது. நைலோன் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். இரவு பத்து மணிக்குக் கதிரை உயரத்தில் கட்டின ஹமொக் விடிய நாலு மணிக்கு மணலில் முட்டுவதற்கு இதுதான் காரணம், முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கட்டுவார்கள், முடிச்சில் ஒரு பிழையும் இருக்காது. தும்புக் கயிறு கிணற்றுக்கும் மாட்டுக்கும் நல்லது, ஆனால் உள்ளே உக்கியிருப்பது வெளியே தெரியாது, ஆள் பாரத்துக்கு அதை நம்பாதீர்கள்.

பொலியெஸ்டர் பட்டிதான் சரி. ஓர் அங்குல அகலம் குறைந்தது, ஒன்றரை அங்குலம் என்றால் மரத்துக்கு இன்னும் நல்லது. லொறியில் சாமான் கட்டும் பெல்ட் பெரும்பாலும் பொலியெஸ்டர்தான், ஹாட்வெயார் கடையில் கிடைக்கும், அதன் இரும்பு இறுக்கியைக் கழற்றிவிட்டுப் பட்டியை மட்டும் எடுத்தால் மலிவாக முடியும். வாங்கும்போது அதில் தைத்திருக்கும் துண்டில் எத்தனை கிலோ என்று வாசியுங்கள். உங்கள் நிறையைப் போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும் என்பது என் கணக்கு, 70 கிலோவுக்கு 350.

மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் சுற்ற வேண்டாம் என்று சொல்வது மரத்துக்காக. வேம்பிலும் மாவிலும் பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிரோட்டம் இருக்கிறது, மெல்லிய கயிறு ஆள் பாரத்தோடு அதை வெட்டும்.

என்ன முடிச்சுப் போடுவது? கரபினர் (திறந்து மூடும் உலோகக் கொளுவி) கட்டாயமா?

பட்டியின் ஒரு முனையில் காது தைத்திருந்தால் மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் காதுக்குள்ளால் மற்ற முனையை இழுத்துவிடுங்கள், அது தானே இறுகும், மரத்தில் முடிச்சே தேவையில்லை. ஹமொக் பக்கத்தில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். வளையம் வளையமாகத் தைத்த பட்டியென்றால் கரபினரை அடுத்த வளையத்துக்கு மாற்றினால் சரி, ஆனால் வளையத்துக்கு வளையம் நாலைந்து அங்குலம் தாவும், நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. பட்டி ஓடி இறுகும் இரும்புக் கொக்கி வைத்தது அங்குலக் கணக்கில் சரிசெய்யத் தரும், எனக்கு அதுதான் பிடிக்கும். கொக்கிக்குப் பின்னால் மிச்சப் பட்டியை ஓர் உருவு முடிச்சுப் போட்டு விடுங்கள், நழுவினால் அது பிடிக்கும்.

கரபினரில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திறப்புக் கோர்வைக்கு விற்கும் வண்ண வண்ணக் கொளுவிகளும் பார்வைக்கு அதே மாதிரித்தான் இருக்கும். அவற்றில் ஆள் பாரத்தைப் போடாதீர்கள், விரிந்து திறந்துவிடும். தாங்கும் அளவைக் கொளுவியிலேயே பொறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பனையிலும் தென்னையிலும் கட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கேட்பது இதைத்தான், ஏனென்றால் சரியான இடைவெளியில் இரண்டு மரம் என்றால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பனைதான்.

அடிமரம் தாங்கும், அதில் சந்தேகமில்லை. மேலே பாருங்கள். காவோலை எப்போது விழும் என்று பனைக்கே தெரியாது, காற்று இல்லாத நாளிலும் விழும், மட்டையின் விளிம்பு அரிவாள் மாதிரி. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். தென்னையில் தேங்காயும் காய்ந்த ஓலையும். ஆகவே தலைக்கு மேலே காவோலையும் காயும் வெட்டித் துப்புரவாக்கின மரம் என்றால் கட்டுங்கள், இல்லையென்றால் பகலில்கூட வேண்டாம். இன்னொன்று, பனை தென்னைக்குக் காயம் பட்டால் வேம்பு மா போல அந்த இடம் மூடி வளராது, பட்ட காயம் பட்டபடிதான் இருக்கும், அதனால் ஆணி அடிக்க வேண்டாம், மெல்லிய கயிறும் வேண்டாம். பனையின் கருக்கான அடிமரம் பட்டியை உரசித் தின்னும், இடையில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வையுங்கள்.

பளை, முகமாலைப் பக்கம் ஷெல்லில் தலை போன மொட்டைப் பனைகள் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எங்கே கண்டாலும் கட்டாதீர்கள். உச்சி போன பனை திரும்பத் தளிர்க்காது, வெளியே கல் மாதிரி நின்றாலும் உள்ளே உக்கியிருக்கும்.

வேம்பு, மா, புளி, இலுப்பை, நாவல் எல்லாம் நல்ல மரங்கள், அடிமரத்தில் கட்டினால். கொப்பில் வேண்டாம். முருங்கை ஒரு நாளும் வேண்டாம், மளார் என்று முறியும். வேலியில் நிற்கும் கிளுவை, பூவரசு தடித்திருந்தாலும் வேர் பிடிப்பைத் தள்ளிப் பார்த்துத்தான் நம்பலாம். சவுக்கு கசூரினாவிலும் மணற்காட்டிலும் நிறைய நிற்கிறது, நேரான மரம், இடைவெளியும் சரியாக வரும், ஆனால் ஆறு அங்குலத்துக்குக் குறைந்த தடிப்பு என்றால் இரவு முழுக்க மரமே வளைந்து வளைந்து ஆடும். நெடுந்தீவுப் பெருக்கு மரத்தில் கட்டலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். எந்தப் பட்டியும் அதைச் சுற்றி வராது, வந்தாலும் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பார்க்க வருகிறவர்களுக்காக நிற்கிற மரம்.

வீட்டு விறாந்தையில், தூணில் கட்டலாமா?

கம்பி வைத்து ஊற்றின கொங்கிறீட் தூண், மேலே கூரை வளையோடு சேர்ந்து நிற்கிறது என்றால் கட்டலாம்.

மதிலில் கட்ட வேண்டாம். சீமெந்துக் கல் அடுக்கிய மதில், படலைத் தூண், தனியே நிற்கிற கல்தூண் எதிலும் வேண்டாம். இவை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியவை, பக்கவாட்டு இழுவைக்கு அல்ல. 70 கிலோ ஆள் சரியாக 30 பாகையில் படுத்தாலே தூணை 60 கிலோ பக்கவாட்டில், அதுவும் ஆளுயரத்தில் பிடித்து இழுக்கிறது. பிள்ளைகள் ஏறி ஆடினால் இன்னும் கூட. தூண் சரிந்தால் ஹமொக்கில் படுத்திருப்பவரின் மேலேதான் விழும், ஏனென்றால் அவர்தான் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். கல்தூண் விழுந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. வசதி, நாரி, நித்திரை எல்லாம் பிறகு. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

மழை பெய்தால் பட்டி வழியே தண்ணீர் வந்து படுக்கை நனைகிறதே?

மேலே தறப்பாள் கட்டியிருந்தாலும் மரத்தில் வழியும் தண்ணீர் பட்டியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஹமொக்குக்குள் வரும். தறப்பாளின் நிழலுக்குள் வருகிற இடத்தில், பட்டியில் ஒரு துண்டு நூல் கயிற்றையோ துணித் துண்டையோ கட்டித் தொங்க விடுங்கள், தண்ணீர் அதில் திரும்பிக் கீழே சொட்டும். கொக்கியோ வளையமோ இருந்தால் அதிலும் கொஞ்சம் சொட்டும், ஆனால் துணித் துண்டை நம்புங்கள். தறப்பாளை ஹமொக்கின் கயிற்றில் கட்டாமல் மரத்தில் தனியாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் புரளும்போதெல்லாம் அதுவும் தளர்ந்து முகத்துக்கு வரும். தறப்பாளின் ஓரக் கயிறுகளுக்கு எங்கள் நிலத்தில் முளை அடிப்பது தனிப் பாடு, ஒன்று சுண்ணாம்புக்கல்லில் இறங்காது, அல்லது மணலில் நிற்காது. மணலில் ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, முழங்கை ஆழத்தில் தாட்டுவிடுங்கள், வாடைக் காற்றுக்கும் அசையாது.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் மரத்தடியில் இருக்கவே வேண்டாம். உடனே வீட்டுக்குள் போங்கள்.

காற்றுக்கும் நுளம்புக்கும் எறும்புக்கும் என்ன செய்வது?

சோழகம் அடிக்கும் காலத்தில் காற்றுக்குக் குறுக்காகக் கட்டினால் முதுகுக்குக் கீழாலும் காற்றுப் போகும், வைகாசி ஆனிப் புழுக்கத்தில் அதுதான் சுகமே. மார்கழி, தையில் அப்படிக் கீழால் போகும் வாடைக் காற்று முதுகை விறைக்கப் பண்ணும். நிலத்தில் படுத்தால் தெரியாத குளிர் ஹமொக்கில் தெரியும், அந்தக் காலத்தில் உள்ளே ஒரு பாயோ மடித்த போர்வையோ போட்டுப் படுங்கள்.

நுளம்பு கீழாலும் துணிக்கூடாகக் குத்தும். மேலே வலை போட்டுவிட்டேன் என்று விட்டுவிடாமல், முழு ஹமொக்கையும் சுற்றி மூடும் வலையாக வாங்குங்கள், முகட்டுக் கயிற்றில் தொங்க விடலாம்.

மாமரத்தில் கட்ட முன் இலைகளைச் சேர்த்துப் பின்னின முசுற்றுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முசுறு பட்டியைப் பாலமாக்கி வரிசையாக இறங்கும், அதற்குச் செய்கிற வைத்தியங்களைவிட அடுத்த மரத்துக்குப் போவது கெதி. சாதாரண எறும்பென்றால் பட்டிக்கும் ஹமொக்குக்கும் இடையில் உள்ள கயிற்றில் நாலு விரல் நீளத்துக்கு வாஸ்லின் பூசினால் நிற்கும்.

வயதானவர்கள் படுக்கலாமா? பிள்ளைகள்?

அம்மம்மாக்களுக்குப் பின்னேரம் நல்லது, சாய்மனைக் கதிரையைவிட நாரிக்குச் சுகம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருக்கை உயரத்தை அவர்களின் முழங்கால் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், தாழ்ந்தால் எழும்ப முடியாது. முதலில் பின்பக்கத் துணியை ஒரு கையால் விரித்துப் பிடித்து, நன்றாக நடுவில் இருக்கச் சொல்லி, பிறகு காலைத் தூக்கி வைக்க உதவுங்கள். ஓரத்தில் இருந்தால் பின்னுக்கு விழுவார்கள்.

கைக்குழந்தையைத் தனியே விட வேண்டாம், பெரியவருக்கான ஹமொக்கில் துணி முகத்தை மூடும், கழுத்து மடியும். ஏணை வேறு, இது வேறு. ஓடித் திரியும் பிள்ளைகள் எழும்பி நின்று ஆடுவதையும், இரண்டு பேர் எதிரெதிராகத் தொங்குவதையும் கட்டாயம் மறியுங்கள்.

ஒரு பட்டியை எத்தனை வருடம் பாவிக்கலாம்?

வருடத்தைப் பார்க்காமல் பட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் விரலுக்கிடையில் முழு நீளத்தையும் உருவிக்கொண்டு போனால் ஓரத்தில் நூல் எழும்பின இடம் தட்டுப்படும். எங்கள் வெயில் பொல்லாதது. வளவில் இரவு பகலாகக் கட்டியபடி விட்ட பட்டி ஒரு கோடையிலேயே நிறம் வெளிறி, மடித்தால் சரசரக்கும். அதைக் கழித்துவிடுங்கள். பாவித்து முடிந்ததும் கழற்றி, கடற்கரையில் கட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போட்டு வைத்தால் நீண்ட நாள் வரும். காய்ந்துவிட்டதா என்று தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கேதான் ஈரம் கடைசியாகப் போகும்.